ஜகார்த்தாவில் நம்ம பக்கம் யாரு?

சென்ற வாரம் 1868-ல் நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டுதான் நீலகிரி, கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமானது. கச்சேரி பிரிந்ததே தவிர, மலைக்கும் கீழ்நாட்டுக்கும் இருந்த போக்குவரத்து குறையவில்லை. மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலையேறுகிறவர்களில் உருளைக்கிழங்கு மண்டிக்காரர் இருப்பார், தேயிலைத் தோட்டத்துக் கங்காணி இருப்பார், தகரப் பெட்டியோடு பட்டாளத்துக்காரரும் இருப்பார். இந்த வாரம் அப்படி ஏறிய ஒரு பட்டாளத்துக்காரர் பின்னால் போகிறோம். அவர் நம்மை ஜகார்த்தா வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்.

குன்னூரை ஒட்டியிருக்கும் வெலிங்டனுக்குப் பழைய பெயர் ஜக்கதளா. படுகர் ஊர் ஒன்றின் பெயர் அது. வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கே பாசறை கட்டி, தன் தளபதியின் பெயரைச் சூட்டியது. 1947-ல் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கே குடியேறியது. தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கும் படை அது. வடக்கத்திய அதிகாரிகள்கூட அந்தச் சிப்பாய்களைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பது போர் முழக்கம். பஞ்சாபிலிருந்து வந்த மேஜராக இருந்தாலும் அதைத் தமிழில்தான் கத்தியாக வேண்டும்.

இந்தப் பாசறைக்கு 1950-களில் கால்பந்து உலகில் ஒரு பெரிய பெயர் இருந்தது. நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டூராண்ட் கோப்பையை மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் 1955-லும் 1958-லும் தூக்கிவந்தது. இரண்டு முறையும் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தின் சின்ன கிளப்களில் ஆடிப் பழகிவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம். ஆரம்பத்தில் சென்டர் பார்வர்டாக ஆடிய ஆளை யாரோ கோலுக்கு நகர்த்தினார்கள். நகர்த்திய புண்ணியவான் யாராக இருந்தாலும் இந்தியக் கால்பந்து அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக். 1958-ல் ஆசியாவிலேயே சிறந்த கோல்கீப்பர் என்ற பட்டம்.

இவர் எந்த ஊர்க்காரர்? பெயரில் தமிழர், பிறப்பில் ஹைதராபாத்காரர், பட்டாளத்தால் நீலகிரிக்காரர், பிறகு பிழைப்பால் கொல்கத்தாக்காரர். இந்தியா என்ற ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்லிவிடலாம் என்று இன்று தோன்றும். 1962-ல் அது அவ்வளவு எளிதாக இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரித் தேர்தலில் தி.மு.க. சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பிடித்தது. மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா தன் கன்னிப்பேச்சிலேயே திராவிட நாட்டுக் கோரிக்கையை வைத்தார். தமிழன் எந்த நாட்டுக்காரன் என்பது டீக்கடை பெஞ்சுகளில் நிஜமாகவே விவாதத்தில் இருந்த கேள்வி. அந்த விவாதம் கேட்ட நான்கு மொழிக்காரர்களும் வெலிங்டன் பாசறையில் ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், டெல்லியின் கட்டளைக்குக் காத்துக்கொண்டு! இதை நான் முரண்பாடு என்று நினைக்கவில்லை. ஒரு மனிதனுக்குள் மூன்று நான்கு விசுவாசங்கள் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும். வெளியிலிருந்து யாராவது ‘எந்தப் பக்கம், சொல்’ என்று சட்டையைப் பிடிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 24-ம் தேதி ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. அங்கே சட்டையைப் பிடிக்க நிறையப் பேர் இருந்தார்கள்.

இந்தோனேசியாவும் இந்தியாவும் அப்போது பழைய நண்பர்கள். டச்சுக்காரர்கள் முற்றுகையிட்டிருந்த 1947-ல் ஒரிசாவின் பிஜு பட்நாயக் தானே விமானம் ஓட்டிப்போய் அந்நாட்டுத் தலைவர் ஷாரிரை வெளியே கொண்டுவந்தார். 1949 ஜனவரியில் இந்தோனேசியாவுக்காகவே நேரு டெல்லியில் ஆசிய நாடுகளைக் கூட்டினார். 1950 ஜனவரி 26, நம்முடைய முதல் குடியரசு தினத்துக்குச் சிறப்பு விருந்தினர் அதிபர் சுகர்னோ. 1955-ல் பாண்டுங் மாநாடு. இவ்வளவு உறவையும் கெடுக்க ஒரு விசா விவகாரம் போதுமானதாக இருந்தது.

அரபு நாடுகளையும் மக்கள் சீனத்தையும் மனத்தில் வைத்து, இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜி.டி. சோந்தி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் இந்திய உறுப்பினர். இரண்டு உறுப்பு நாடுகளை ஒதுக்கிவிட்டு நடக்கும் பந்தயத்துக்கு ஆசிய விளையாட்டு என்ற பெயர் எப்படிப் பொருந்தும் என்று அவர் ஜகார்த்தாவில் உட்கார்ந்துகொண்டே கேட்டார். விதிப்படி அவர் கேட்டது நியாயம். ஆனால் புதிதாகக் கட்டிய ஸ்டேடியமும் அலங்கார விளக்குகளுமாக, உலகமே தன்னைப் பார்க்கிறது என்று நெஞ்சு நிமிர்த்தி நின்ற ஒரு இளம் நாட்டின் முகத்தில் அது அறைந்தது போல இருந்தது. சோந்தி ஒருவர் பேசியதற்கு இந்தியாவே பொறுப்பாக்கப்பட்டது. செப்டம்பர் 3-ம் தேதி கூட்டம் திரண்டு இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. சோந்தி அவசரமாக விமானம் ஏறினார்.

மறுநாள், செப்டம்பர் 4, கால்பந்து இறுதி ஆட்டம். இந்தியாவும் தென்கொரியாவும்.

இந்தியா அதுவரை வந்த வழியே கரடுமுரடு. முதல் ஆட்டத்தில் இதே கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னெய்ல் சிங்கின் தலை பிளந்து தையல் போட்டார்கள். தலையில் கட்டோடு இருந்தவரை உட்கார வைப்பதற்குப் பதில், பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் சென்டர் பார்வர்டாக முன்னால் தள்ளினார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று தாண்டியது இந்தியா.

ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஜகார்த்தாவில் இருந்தபோதே நுரையீரல் புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு தூக்கம் பிடிக்காமல் விளையாட்டுக் கிராமத்தில் உலாத்திய ஆட்டக்காரர்களிடம் அவர், நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கம் என்று கேட்டதாகக் கேப்டன் சுனி கோஸ்வாமி பின்னாளில் நினைவுகூர்ந்தார். கேட்டவர் அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட இருக்கவில்லை. 1963 ஜூனில் காலமானார்.

அந்த அணியின் பெயர்ப்பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். வங்காளத்தின் சுனி, பி.கே. பானர்ஜி, அருண் கோஷ். இரிஞ்சாலக்குடாவிலிருந்து சந்திரசேகரன். கோவாவின் பிராங்கோ. செகந்திராபாத் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம். மாற்று ஆட்டக்காரர்களில் அருமைநாயகம், எத்திராஜ். கோலில் நம் வெலிங்டன் தங்கராஜ், காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்தவர். முந்தைய ஆட்டங்களில் கோல் காத்த பிரத்யுத் பர்மன் இருந்தும், இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் தங்கராஜின் உயரத்தை நம்பினார்.

பஸ் பயணம்தான் முதல் சோதனை. இந்திய அணியின் பஸ் என்று தெரியக்கூடாது என்று அடையாளங்களை மறைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அப்படியும் இரண்டு பேரை மறைக்க முடியவில்லை. ஜர்னெய்ல் சிங்கும் திரிலோக் சிங்கும் தலைப்பாகைக்காரர்கள். தெருவில் நிற்கிற குழந்தைகூட இந்தியர்கள் என்று சொல்லிவிடும். ஜன்னலில் தலை தெரியாதபடி அவர்களைப் பஸ்ஸின் தரையில் உட்கார வைத்துக் கூட்டிப்போனதாகப் பின்னாளில் ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். ஒரு நாட்டுக்குத் தங்கப் பதக்கம் வாங்கித்தரப் போகிறவர், அந்த நாட்டுக்காரர் என்று தெரிந்துவிடக் கூடாதென்று ஒரு சர்வதேச இறுதி ஆட்டத்துக்குத் தரையில் குந்தியபடி போய்ச் சேர்ந்தார்.

செனாயன் ஸ்டேடியத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். கொரியா மேல் அவர்களுக்குத் தனிப் பாசம் எதுவும் கிடையாது. இந்தியா தோற்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவின் தேசிய கீதம் கூச்சலில் மூழ்கியது. இந்தியர் காலில் பந்து வந்தாலே ஊளை.

அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு மூலையிலிருந்து இந்தியாவுக்கு ஆதரவாகக் குரல் எழுந்தது. எழுப்பியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்.

இதன் எடையை இன்றைக்கு உணர வேண்டுமென்றால் அன்றைய ஹாக்கியை நினைத்துக்கொள்ள வேண்டும். 1928-லிருந்து ஒலிம்பிக் தங்கத்தை யாருக்கும் விட்டுத்தராத இந்தியாவை 1960-ல் ரோமில் 1-0 என்று சாய்த்தது பாகிஸ்தான். இதே ஜகார்த்தாவில் ஹாக்கி இறுதியிலும் 2-0 என்று நம்மை வென்றிருந்தது. பிரிவினை முடிந்து 15 ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த வெற்றியாளர்கள்தான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நம் பக்கம் கத்தினார்கள். அவர்கள் யாருக்காகக் கத்தினார்கள் என்பதையும் பாருங்கள். களத்தின் நடுவில் கட்டுப்போட்ட தலையோடு ஓடிய ஜர்னெய்ல் பிறந்தது லயால்பூரில். இன்று பாகிஸ்தானில் பைசலாபாத் என்று பெயர். 1947-ல் 11 வயதுப் பையனாக எல்லை தாண்டி வந்த அகதி. கீழே இருப்பவனும் மேலே இருப்பவர்களும் ஒரே பஞ்சாபிக்காரர்கள். அவர்கள் கத்தியது இந்தியாவுக்கா, பக்கத்து வீட்டுக்காரனுக்கா, வெறுமனே தனியாக மாட்டிக்கொண்டவன் பக்கம் நிற்கும் விளையாட்டுக்காரப் புத்திக்கா? மூன்றுமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. ரசிகன் கணக்குப் போட்டுவிட்டா கத்துகிறான்?

17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். 20-வது நிமிடத்தில் ஜர்னெய்ல். ஸ்டேடியம் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனது. அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேலை தங்கராஜுக்கும் அவருக்கு முன்னால் நின்றவர்களுக்கும்தான். உயரப் பந்துகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள் கொரியர்கள். 85-வது நிமிடத்தில் ஒன்று உள்ளே போனது. மிச்சம் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்து 2-1 என்று ஆட்டம் முடிந்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதற்குப் பிறகு இன்றுவரை தங்கம் கிடையாது. 1970-ல் ஒரு வெண்கலத்தோடு சரி.

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதோடு கொடியேற்றி முடித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்த மாதமே சீனப் படை எல்லையில் இறங்கியது. போர் மேகத்தில் அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையை ஒதுக்கிவைத்தார். 1963-ல் கட்சி அதை முறையாகக் கைவிட்டது. 1962 தேர்தலில் ஓட்டு வாங்கிய கோஷம் அது. அதே 1963 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது; சோந்தி கிளப்பிய பிரச்சினை வென்றது. சுகர்னோ சளைக்காமல் நவம்பரில் ‘கானெஃபோ’ என்று ஒரு போட்டி ஒலிம்பிக்கையே நடத்திக் காட்டினார். 1965-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் போரில் இறங்கியபோது அவர் நின்றது பாகிஸ்தான் பக்கம். செனாயனில் எதிரெதிராகக் கத்திய இரண்டு கூட்டமும் மூன்றே ஆண்டில் ஒரே பக்கம் வந்துவிட்டன, நமக்கு எதிராக! விளையாட்டரங்கில் கேட்ட குரலை வைத்து நாடுகளின் போக்கைக் கணிக்கிறவர்களுக்கு இதை ஒருமுறை வாசித்துக் காட்டலாம்.

தங்கராஜ்? ராணுவத்தை விட்டபின் அவர் கொல்கத்தா மைதானத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் மூன்று கிளப்புகளுக்கும் கோல் காத்தார். வங்காளத்துக் கிழக்கும் மேற்கும் மீன் வகை வரைக்கும் கட்சி கட்டிக்கொண்டிருந்த ஊரில், இந்த மதராசி எந்தப் பக்கம் நின்றாலும் எடுபட்டார். 1967-ல் அர்ஜுனா விருது. 2008 நவம்பரில் பொகாரோவில் இறந்தார். ஹைதராபாத்காரர்கள் தங்கள் பொற்காலப் பட்டியலில் அவரை எழுதிக்கொள்கிறார்கள், கொல்கத்தாக்காரர்களும் எழுதிக்கொள்கிறார்கள். டூராண்ட் கோப்பையை இரண்டு முறை மேட்டுப்பாளையம் வழியாக மலையேற்றிய அணியின் கோல்கீப்பரை நம் பட்டியலிலும் எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பது இந்தத் தொடர்க்காரனின் கட்சி. ஜில்லா எல்லையை 1868-ல் மாற்றியது வெள்ளைக்காரன். நாம் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

அடுத்த வாரம் மலையிறங்கிப் போத்தனூர் ஜங்ஷனுக்குப் போகிறோம். 1921 நவம்பரில் மலபாரிலிருந்து கைதிகளை அடைத்துக்கொண்டு வந்த சரக்குப் பெட்டி ஒன்றின் கதவை அங்கேதான் திறந்தார்கள்.

(தொடரும்)