துருவும் உரிமையும்: ஊவாவின் ஒரு பழைய மோட்டார் வண்டி கூறும் வரலாறு

வரலாற்றுக்குச் சான்றாவன யாவை என வினவின், கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அரசாங்கப் பதிவேடு என விடை கூறுதல் நம்மிடையே வழக்கம். ஆயின் மலையகத் தோட்டத் தொழிலாளர் கல்வெட்டுப் பொறித்தாரல்லர். தோட்டத்துச் செக்றோலில் அவர்தம் பெயரும் நாட்கூலியும் உள. அவர்தம் அறிவும் கைத்திறனும் அதில் இடம்பெறவில்லை. ஏட்டில் ஏறாத அத்திறனை, அவர் கைபட்ட பொருள்களிலேயே தேட வேண்டியுள்ளது. அத்தகைய பொருளொன்று எமது குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்து வருகின்றது. 1951ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உருவான எம். ஜி. டி. டி. என்னும் பந்தய வகை மோட்டார்க்கார் அது. அதனைப் பழுதுபார்த்த வரலாற்றினூடாக ஊவாவின் தோட்ட வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊவாவின் நவீன வரலாறு துருவுடன் தொடர்புடையது. இலங்கையின் காப்பிச் செய்கையை அழித்த இலைத்துரு நோய் 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலேயே முதன்முதல் அறியப்பட்டது. காப்பி அழிந்த நிலத்தில் தேயிலை எழுந்தது. அதனை ஏற்றிச் செல்லும் புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. எனினும் அது பதுளையை எட்ட மேலும் 30 ஆண்டுகள் சென்றன. 1924ஆம் ஆண்டிலேயே பதுளைக்குப் புகையிரதம் வந்தது. பாதை எட்டாத தோட்டங்களுக்கு வளைந்தேறும் தெருக்களே துணையாயின. அத்தெருக்களில் மாட்டு வண்டிக்குப் பின்னர் லொறியும் துரைமாரின் கார்களும் ஓடின. மலைத்தெருவில் விரைந்தேறுதல் துரைமாருக்கு ஒரு விளையாட்டாகவும் அமைந்தது. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் தொடங்கியமை இதற்குத் தக்க சான்று.

இரண்டாம் உலகப் போரினால் பொருளாதாரம் நலிந்த பிரித்தானியா, அந்நியச் செலாவணி வேண்டித் தன் கார்களைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. 1949 முதல் 1953 வரை உருவான டி. டி. வகைக் கார்கள் ஏறக்குறைய 30,000. அவற்றுட் பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் சென்றது. சிறு தொகையினவே இலங்கை போன்ற நாடுகளை வந்தடைந்தன. 1250 கன சென்ரிமீற்றர் இயந்திரமும், ஆஷ் மரச் சட்டத்தின்மேல் பொருத்திய இரும்புத் தகட்டுடலும் கொண்டவை அவை.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கை அரசு கார் இறக்குமதியைக் கடுமையாக மட்டுப்படுத்தியது. உதிரிப்பாகங்கள் அரிதாயின. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என எல்லை வகுத்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. பசறைப் பகுதித் தோட்டமொன்றை விட்டு நீங்கிய துரை, இயங்காது கிடந்த தம் காரை 1976ஆம் ஆண்டில் தொழிற்சாலைப் பிற்றருக்கு எழுதிக்கொடுத்துச் சென்றார். அப்பிற்றரே எமது பாட்டனார்.

காரினது இயந்திரத்தில் பாட்டனார் கண்ட முதற் புதிர் ஒரு திருகாணியாகும். அதன் தலை, தேயிலை இயந்திரங்களுக்கு அவர் கையாண்ட விட்வேர்த் சாவிக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனால் அதன் மரையோ ‘இஸ்டோரில்’ இருந்த எந்தச் சுரைக்கும் பொருந்தவில்லை. இதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. பிரெஞ்சு ஆயுதக் கம்பனியான ஹொட்ச்கிஸ், முதலாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஆலை அமைத்தது. 1923இல் மொறிஸ் நிறுவனம் அவ்வாலையை வாங்கியது. அங்கிருந்த பிரெஞ்சு இயந்திரங்கள் மெற்றிக் மரையையே வெட்டின; பிரித்தானியப் பட்டறைகளிலோ விட்வேர்த் சாவிகளே இருந்தன. எனவே மெற்றிக் மரைக்கு விட்வேர்த் தலை வைத்தனர். அவ்வழக்கம் எம். ஜி. இயந்திரத்திலும் தொடர்ந்தது.

எட்டு மில்லிமீற்றர் விட்டமும் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்ட அம்மரையாணி பதுளைக் கடைகளில் கிடைக்கவில்லை. தொழிற்சாலையின் கடைசல் இயந்திரமோ அங்குல அளவினது. அங்குல இயந்திரத்தில் மெற்றிக் மரையைத் துல்லியமாக வெட்டுதற்கு 127 பற்கள் கொண்ட சக்கரம் வேண்டும். அது அங்கில்லை. பாட்டனார் 63 பற்கள் கொண்ட சக்கரத்தைக் கொண்டு அண்ணளவாக வெட்டினார். அதனால் நேரும் பிழை நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. குறுகிய ஆணிக்கு அது தீங்கன்று. ஐந்தாம் வகுப்புடன் தோட்டப் பாடசாலையை விட்ட ஒருவர் இக்கணக்கை எவ்வாறு அறிந்தார்? உருட்டும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் நிற்காது ஓட வேண்டும் என்ற தேவையே அவருக்கு ஆசானாயிற்று.

அடுத்துச் சட்டம். வடகீழ்ப் பருவ மழையில் நனைந்தும், ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் கச்சான் காற்றில் உலர்ந்தும் ஆஷ் மரம் உளுத்துப்போயிற்று. தோட்டத்துத் தச்சர் ஒருவரின் துணையுடன் பாட்டனார் அதனைத் தேக்கு மரத்தால் துண்டு துண்டாக மாற்றினார். சம்பளத்தில் மிஞ்சிய பணத்துக்கே மரம் வாங்கியமையால், ஒரு கதவுச் சட்டத்துக்கு ஓராண்டு சென்றது.

அக்காரின் இலக்கத் தகடும் ஒரு வரலாற்று ஆவணமே. 1957இல் வாகனத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டமையும் அதனால் எழுந்த போராட்டமும் நாமறிந்தவை. அதற்கு முற்பட்டதாகலின் இக்கார் ஆங்கில எழுத்துத் தகட்டையே தாங்குகின்றது. சிலோன் என நாட்டுக்குப் பெயர் வழங்கிய காலத்திலேயே அது முறைப்படி பதிவாயிற்று. பாட்டனாரோ இந்நாட்டில் பிறந்தும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவரானார். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிடும் தொகையாகக் கருதியது. அத்தொகையுள் அவரும் ஒருவர். கடல் கடந்து வந்த வண்டிக்கு இந்நாட்டுப் பதிவேட்டில் இடமிருந்தது. இங்கேயே பிறந்து அதனைச் செப்பனிட்டவருக்குப் பிரசைகளின் வரிசையில் இடமிருக்கவில்லை.

1977இன் பின்னர் இறக்குமதி தளர்ந்து யப்பானியக் கார்கள் பெருகின. பழைய கார்கள் இரும்பு விலைக்குப் போயின. பாட்டனார் விற்கவில்லை. 1983 யூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது, பாகங்கள் சாக்குகளில் கட்டப்பட்டு லயத்து அட்டாலியில் ஏறின. வேலை நின்றது. 1986இல் பாட்டனார் மறைந்தார். நாடற்றோர் பலருக்குப் பிரசாவுரிமை வழங்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டத்தையோ, எஞ்சியோருக்கு வழிசெய்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தையோ அவர் காணவில்லை. சாக்குகளை அவிழ்த்து வேலையைத் தொடர்ந்தவர் எமது தந்தையார். 2009ஆம் ஆண்டில், 33 ஆண்டுகளின் பின், கார் பசறைத் தெருவில் ஓடியது.

அண்மையில், கொழும்பிலிருந்து வந்த பழைய வண்டி ஆர்வலர் ஒருவர் தந்தையாருக்கு ஓர் ஆலோசனை கூறினார். தேக்கை நீக்கி ஆஷ் மரமும், கையால் வெட்டிய ஆணிகளை நீக்கி இங்கிலாந்திலிருந்து வருவித்த ஆணிகளும் இட்டால் கார் ‘அசல்’ ஆகும், விலையும் பன்மடங்காகும் என்பது அவர் கருத்து. அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. பொருளொன்று பிறந்த நிலையைப் பேணுவதும் வரலாற்றுப் பணியே. எமது வீட்டுக் கூரைக்குப் பணம் தேவை என்பதும் உண்மையே.

ஆயினும் அசல் என்பது யாது? 1951ஆம் ஆண்டின் தொழிற்சாலை நிலையே அசல் எனின், அதன்பின் நிகழ்ந்தவை யாவும் பிழையெனக் களையப்பட வேண்டியவையாகும். தேக்குச் சட்டத்தில் இறக்குமதித் தடையின் காலம் இருக்கின்றது. அண்ணளவாக வெட்டிய மரையில் ஒரு தொழிலாளியின் கணக்கு இருக்கின்றது. செக்றோல் எழுதாது விட்டதை அவ்வாணிகள் எழுதி வைத்துள்ளன. அவற்றைக் கழற்றி எறிந்தால், துரையின் கார் மீளும். பாட்டனாரின் வரலாறு மீளாது. தந்தையார் இன்னும் முடிவு கூறவில்லை. எம்மைக் கேட்டால், கூரைக்கு வேறு வழி தேடுவோம். ஆணிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்போம்.