வேலியைப் பிடுங்கின ராத்திரி

அமெரிக்காவுல ஹாலோவீன் வந்துட்டா, அதாவது அக்டோபர் 31, சில வீட்டு வாசல்ல ஆளுயரத்துக்கு மேல ஒரு சவப்பெட்டி நிக்கும். கிட்டப் போய்ப் பார்த்தா, பழைய வேலிப் பலகையை அறுத்து அடிச்சிருப்பாங்க. செலவுன்னு பார்த்தா ஆணியும் கறுப்பு பெயின்ட்டும்தான்.

ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி, இதே ராத்திரி வேலிக்கு ஆகாத ராத்திரி. பசங்க கூட்டமா வந்து கேட்டைக் கழற்றித் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கொல்லைப்புறக் கழிப்பறையைக் கவுத்துடுவாங்க. சில ஊர்கள்ல இதுக்கு 'கேட் நைட்'னே பேரு.

மினசோட்டா மாநிலத்துல அனோக்கான்னு ஒரு ஊர். அங்கே பசங்க மாடுகளை அவுத்துவிட, காலையில கடைவீதி முழுக்க மாடு. ஊர்ப் பெரியவங்க யோசிச்சு, 1920-ல ஒரு ஹாலோவீன் ஊர்வலம் நடத்தினாங்க. கணக்கு ரொம்ப சிம்பிள்: கைக்கு வேலை இருந்தா, உடைக்க நேரம் இருக்காது.

1930-கள்ல பொருளாதாரம் சரிஞ்சு, குறும்பு நாசவேலையா மாறினப்போ, மத்த ஊர்களும் விருந்து, வேஷப் போட்டின்னு இறங்கின. வீடு வீடா மிட்டாய் கேட்கிற வழக்கமும் அப்போ பரவ ஆரம்பிச்சுது. உலகப் போர்ல சர்க்கரைக்கு ரேஷன் வந்ததால கொஞ்சம் தடைபட்டு, 1950-கள்ல நாடு முழுக்க நிலைச்சுது.

யோசிச்சுப் பாருங்க, வீட்டுக்காரர் பயந்து காவல் காத்த அதே வாசல். இன்னிக்கு அவரே பழைய பலகையில பேய் செஞ்சு நிறுத்தி, தெருப் பிள்ளைங்களை உள்ளே கூப்பிடுறாரு. பசங்களைத் துரத்தியிருந்தா இது நடந்திருக்குமா? சொல்லுங்க.