வால் ஸ்ட்ரீட்டின் வாயிற்படி

சென்ற தைத் திங்களில் ஒரு மாலைப் பொழுதில், முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். அவர் இப்போது எங்கள் ஊரில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். மகள் கணிதத்தில் பட்டம் பெற்றவள். “ஐயா, இவள் முதலீட்டு வங்கி என்கிற ஒன்றில் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்கிறாள். அதற்குள் நுழைவது எப்படி, அது நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்ற இடந்தானா என்று தாங்கள்தாம் சொல்ல வேண்டும்” என்றார். வங்கி என்றால் சேமிப்புப் புத்தகமும் நகைக் கடனுமே எனக்கு நினைவுக்கு வரும். வரலாற்று ஆசிரியனாக இருந்தவன் ஆதலால், அத்தொழிலின் வரலாற்றைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவரிடம் தவணை கேட்டேன். அவ்வாறு படித்தவற்றுள் சிலவற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

நாம் அறிந்த வங்கி, பலரிடம் சேமிப்பைப் பெற்று வேறு பலருக்குக் கடன் கொடுப்பது. முதலீட்டு வங்கியின் வேலை வேறு. ஒரு தொழிற்சாலைக்குப் பெருந்தொகை வேண்டும்; அது தன் உடைமையைப் பங்குகளாக்கி விற்க முனைகிறது. அப்பங்குகளை ஒரு விலை பேசி மொத்தமாக எடுத்துக்கொண்டு, பொதுமக்களிடம் விற்றுத் தருபவரே முதலீட்டு வங்கியர். விற்காமற்போனால் நட்டம் அவரைச் சேரும். இவ்விரு தொழிலையும் ஒரே கூரையின்கீழ் நடத்தலாகாது என்று அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டில் சட்டம் இயற்றினார்கள். 1999ஆம் ஆண்டில் அத்தடையின் பெரும்பகுதி நீங்கியது.

இத்தொழிலில் பெரும் பெயர் பெற்ற கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தின் தொடக்கம் மிகச் சிறியது. ஜெர்மானிய நாட்டின் பவேரியாவிலிருந்து 1848ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற மார்க்கஸ் கோல்ட்மன் என்னும் யூதர், முதலில் ஊர் ஊராகச் சரக்கு விற்றுப் பிழைத்தார். 1869ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தொழில் தொடங்கி, தோல் வணிகரிடமும் நகை வணிகரிடமும் கடன் பத்திரங்களைக் கழிவுக்கு வாங்கி, தம் உயர்ந்த தொப்பிக்குள் செருகிக்கொண்டு, வங்கி வங்கியாக நடந்து விற்றார். 1882ஆம் ஆண்டில் மருமகன் சாமுவேல் சாக்ஸ் கூட்டாளி ஆனார். அக்காலத்தில் அந்நிறுவனத்தில் கூட்டாளி ஆவதற்கு, அக்குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் அக்குடும்பத்தில் பெண் எடுத்திருக்க வேண்டும்.

இந்த இடத்திற்குத்தான் 1907ஆம் ஆண்டில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். சிட்னி வைன்பெர்க் என்பது அவன் பெயர். புரூக்ளினில் மது வணிகர் ஒருவரின் பதினொரு மக்களுள் ஒருவன். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிப் படிப்பு இல்லை. அவன் கையில் இருந்தது, அவனுடைய ஆசிரியர் எழுதித் தந்த ஒரு நற்சான்றுக் கடிதம் மட்டுமே. இப்பையனுக்கு வேலை இருந்தால் மகிழ்ச்சி, எதைச் சொன்னாலும் மனம் உவந்து செய்வான் என்பதே அதன் சாரம். எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் தெருவில் 43ஆம் எண் கட்டடத்திற்குள் புகுந்து, மின்தூக்கியில் உச்சி மாடிக்குச் சென்று, அங்கிருந்து ஒவ்வொரு தளமாக இறங்கி, ஒவ்வொரு கதவிலும் “பையன் வேண்டுமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். இருபது மாடிக்கு மேற்பட்ட கட்டடம் அது. மாலையில், ஏறத்தாழக் கீழே வந்துவிட்ட நிலையில், கோல்ட்மன் சாக்ஸ் அலுவலகத்தில் நுழைந்தான். இப்போது வேலை இல்லை என்றார்கள். மறுநாட் காலையில், வேலைக்கு வரச் சொன்னவர்களைப் போலவே அங்கே போய் நின்றான். துப்புரவுப் பணியாளனுக்கு உதவியாள் என்னும் இடம் கிடைத்தது. கூட்டாளிகளின் தொப்பிகளைத் தூசு தட்டுவதும், அவர்களுடைய மழைக் காலணிகளின் சேற்றைத் துடைப்பதும் அவனுக்கு இட்ட பணிகள்.

ஒருநாள் நீண்ட கொடிக்கம்பம் ஒன்றை டிராம் வண்டியில் ஏற்றிச் சென்று பால் சாக்ஸ் என்பவரின் வீட்டில் சேர்க்கும் பணி அவனுக்கு இடப்பட்டது. பால் சாக்ஸ், சாமுவேல் சாக்ஸின் மகன். கொண்டுவந்த பையனோடு பேசிப் பார்த்தார். அவனுடைய துடிப்பு அவருக்குப் பிடித்தது. அவனைத் தபால் பிரிவுக்கு மாற்றினார். தம் கைப்பணம் கட்டி, புரூக்ளினில் இருந்த ஒரு வணிகக் கல்லூரிக்கு அனுப்பினார். பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1925இல் வைன்பெர்க் 1,04,000 டாலர் கொடுத்து நியூயார்க் பங்குச் சந்தையில் உறுப்பினரானார். 1927இல் நிறுவனத்தின் கூட்டாளியானார். 1929ஆம் ஆண்டுச் சந்தை வீழ்ச்சியில் நிறுவனம் பெருநட்டமும் அவப்பெயரும் அடைந்து தள்ளாடியபோது, 1930இல் அதன் தலைமையை ஏற்றார். ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் ஒரு கோடிக்கு மேற்பட்ட பங்குகள் 1956ஆம் ஆண்டில், பங்கு ஒன்றுக்கு 64.50 டாலர் விலையில், மக்களுக்கு விற்கப்பட்டபோது அதற்கு வழி வகுத்தவரும் அவரே. அதுவரை அமெரிக்கா கண்டிராத பெரிய விற்பனை அது. 1969ஆம் ஆண்டில் மறையும்வரை அவரே தலைவர்.

ஃபோர்டு பங்குகளைக் காட்டிலும், பெயர் தெரியாத அந்த ஆசிரியர் எழுதிய கடிதமே என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய மாணவன் ஒருவன், ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலைக்காக என்னிடம் நற்சான்று கேட்டான். தேறியவர்களுக்கே பள்ளி நற்சான்று தரும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த மாணவன்தான் இப்போது மகளோடு என் வீட்டுக்கு வந்தவர். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறந்திருக்கலாம்.

வைன்பெர்க் நுழைந்த வாயில் பின்னர் நெடுநாள் திறந்திருக்கவில்லை. அவர் தொப்பி துடைக்கத் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டில், 1908இல், ஹார்வர்டு பல்கலைக்கழகம் வணிகவியற் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. நாளடைவில் அத்தகைய பள்ளிகளே பெருவாயில்கள் ஆயின. எட்டாம் வகுப்போடு நின்ற வைன்பெர்க்கின் மகன் ஜான், பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டு வணிகவியற் பள்ளியிலும் பயின்ற பின்னரே தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்தார். 1976இல் அதன் இரு தலைவர்களுள் ஒருவரும் ஆனார். தந்தை நுழைந்த வழியில் மகனும் வந்திருந்தால் வாயிற்காவலன் உள்ளே விட்டிருப்பானா என்பது ஐயமே.

நடுவயதில் வேறு பக்கமாக நுழைந்தவரும் உண்டு. ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் 1900ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். கப்பலில் கணக்கர், பெர்லினில் தூதரக அலுவலர், தொழிலாளரின் மனநிலையை ஆராய்ந்து சமூகவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், பத்திரிகை எழுத்தாளர் என்று பல வேடம் பூண்டவர். சந்தையின் போக்கை முன்கூட்டி உரைப்பவர்களைப் பற்றி ‘ஃபார்ச்சூன்’ இதழுக்கு 1949ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதப் போய், தாமே அத்தொழிலில் இறங்கிவிட்டார். 1,00,000 டாலர் முதல். அதில் 40,000 அவருடைய சொந்தப் பணம். உயரும் என்று கருதிய பங்குகளைக் கடன் வாங்கியும் வாங்கினார். வீழும் என்று கருதிய பங்குகளை இரவல் பெற்று விற்றார். இதனை நம் ஊர் முறையில் சொன்னால் விளங்கும். பஞ்ச மாதத்தில் அண்டை வீட்டாரிடம் பத்து மூட்டை நெல்லைக் கைமாற்றாக வாங்கி உயர்ந்த விலைக்கு விற்றுவிட்டு, அறுவடைக்குப் பின் மலிந்த விலையில் பத்து மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுப்பதைப் போன்றது அது. விலை மலியாவிட்டால் விற்றவன் பாடு திண்டாட்டந்தான். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஒன்று மற்றொன்றைக் காக்கும் என்பது அவர் கணக்கு. ஆங்கிலத்தில் இதற்கு வேலியைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார்கள். ஹெட்ஜ் நிதி என்று இன்று வழங்குவது இதுவே. இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தமக்கு ஊதியமாக எடுத்துக்கொண்டார். 1966ஆம் ஆண்டில் அவருடைய வெற்றி ‘ஃபார்ச்சூன்’ இதழிலேயே வெளியானதும், அவர் வழியைப் பின்பற்றப் பலர் புறப்பட்டனர். வேலியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேலி போடாமலே பயிர் செய்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் சந்தை வீழ்ந்தபோது அவர்கள் நட்டப்பட்டனர்.

வந்தவர் பெண்பிள்ளை ஆதலால், மியூரியல் சீபர்ட் அம்மையாரின் வரலாற்றை நான் சற்று ஊன்றியே படித்தேன். கல்லூரியில் பட்டம் பெறாமலே 1954ஆம் ஆண்டில் 500 டாலருடன் நியூயார்க் வந்தவர் அவர். பட்டம் இல்லாததால் ஓரிடத்தில் வேலை மறுக்கப்பட்டது. அடுத்த இடத்தில் பட்டம் உண்டு என்று பொய் சொல்லிச் சேர்ந்தார். ஓர் ஆசிரியனாக இதனை நான் ஏற்க இயலாது. பின்னர் வேறு வேலை தேடியபோது, முழுப் பெயருடன் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு விடையே வரவில்லை. மு. தலைப்பெழுத்தைப் போல் முதல் எழுத்துகளை மட்டும் இட்டு, ஆணோ பெண்ணோ என்று தெரியாதபடி அனுப்பியதும் அழைப்பு வந்தது. இதில் பொய் ஏதும் இல்லை. பங்குச் சந்தையில் உறுப்பினராக விண்ணப்பித்தபோது, பரிந்துரை செய்ய ஒருவர் வேண்டியிருந்தது. ஒன்பது ஆடவர் மறுத்துவிட்டனர், பத்தாமவர் இசைந்தார். உறுப்பினர் இடத்தின் விலை 4,45,000 டாலர். அதில் 3,00,000 டாலர் கடன் தருவதாக வங்கியின் கடிதம் வேண்டும் என்றது சந்தை. உறுப்பினரானால்தான் கடிதம் தருவோம் என்றன வங்கிகள். இந்தச் சுழலில் பல மாதங்கள் கழிந்த பின், 1967 டிசம்பர் 28ஆம் நாள் அவர் உறுப்பினரானார். அப்போது சந்தையில் ஆடவர் 1,365 பேர். பெண் அவர் ஒருவரே.

இவற்றையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு சென்ற வாரம் இரும்புக் கடைக்குச் சென்றேன். மகளும் அங்கே இருந்தாள். இன்று இத்தகைய நிறுவனங்கள் பெங்களூரிலேயே அலுவலகம் வைத்திருக்கின்றன என்றும், கணிதத் தேர்வு ஒன்றை எழுதித் தேறிவிட்டதாகவும், அடுத்த திங்களில் நேர்முகத் தேர்வு என்றும் அவள் சொன்னாள். நற்சான்று ஏதேனும் வேண்டுமா என்று கேட்டேன். “அதெல்லாம் இப்போது கேட்பதில்லை, தாத்தா” என்றாள். அவள் தந்தை மட்டும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கல்லாவின் அடியிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து என் முன்னே வைத்தார். நான்கு வரி எழுதி, நாளிட்டு, கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.