இரண்டு அங்குலத் தொய்வு

பிக்கிள்பால் வலை முதலில் இறகுப்பந்து வலையாகத்தான் இருந்தது. 1965 கோடை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சர்டுக்கு ஒரு வீடு இருந்தது. மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர். பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போனார். வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. வளாகத்தில் பழைய இறகுப்பந்துக் களம் இருந்தது, ஆனால் ஆடத் தேவையான மட்டைகள் முழுதாக இல்லை. பிரிச்சர்டும் நண்பர் பில் பெல்லும் மேஜைப்பந்து மட்டைகளையும் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பந்தையும் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். வலை 5 அடி உயரத்தில், இறகுப்பந்துக்குக் கட்டியபடியே இருந்தது.

தொடக்கத்தில் பந்தைத் தரையில் விழவிடாமல்தான் அடித்திருக்கிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பந்து தார்த் தரையில் நன்றாகத் துள்ளுகிறது என்று தெரிந்தது. துள்ளிய பந்தை அடிக்க 5 அடி வலை பெரிய தடை. வலையை 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். பார்னி மெக்காலம் என்ற நண்பரும் அடுத்து வந்து சேர, மூவருமாக விதிகளை எழுதினார்கள். களத்தின் அளவில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. இறகுப்பந்து டபுள்ஸ் களத்தின் 20 அடி அகலமும் 44 அடி நீளமும் இன்றைக்கும் பிக்கிள்பாலின் அளவுகள்.

வலையின் உயரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பந்தின் துள்ளல்தான். இறகுப்பந்து தரையைத் தொட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், அதனால் வலை கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு நிற்கலாம். டென்னிஸ் பந்தை 100 அங்குல உயரத்திலிருந்து போட்டால் 53 முதல் 58 அங்குலம் வரை எழும்ப வேண்டும் என்பது விதி. பிக்கிள்பால் பந்து 78 அங்குலத்திலிருந்து விழுந்து 30 முதல் 34 அங்குலம்தான் எழும்பும். ஒன்று போட்ட உயரத்தில் பாதிக்கு மேல் திரும்பி வருகிறது, மற்றது பாதியைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சோம்பல் பந்துக்குக் கொஞ்சம் தாழ்ந்த வலைதான் நியாயம்.

டென்னிஸ் வலையும் உயரத்திலிருந்து இறங்கி வந்ததுதான், ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அரண்மனைச் சுவர்களுக்குள் ஆடிய பழைய டென்னிஸில் வலை ஓரங்களில் 5 அடி, நடுவில் 3 அடி. துணிக்கொடி போலத் தொங்கிக்கொண்டிருக்கும். புல்தரைக்கு வந்தபோதும் அந்தத் தொங்கல் கூடவே வந்தது. 1877இல் நடந்த முதல் விம்பிள்டன் போட்டியில் கம்பத்தருகே 5 அடி, நடுவில் 3 அடி 3 அங்குலம். அந்த ஆண்டு ஜெயித்த ஸ்பென்சர் கோர் வலையருகே வந்து நின்று பந்தைத் தரை தொடுமுன் வாலி அடித்தே எதிராளிகளைத் தீர்த்தார். ஓரங்களில் வலை அவ்வளவு உயரமாக இருக்கும்போது பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தைக் கடத்துவது கடினம். நடுவில் நின்றவர் பாடு கொண்டாட்டம். அடுத்த ஆண்டு பிராங்க் ஹேடோ பந்தைக் கோரின் தலைக்கு மேல் தூக்கிப் போட்டே அவரை வீழ்த்தினார். விதி எழுதியவர்கள் ஓர உயரத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 1880களின் தொடக்கத்தில் அது கம்பத்தில் 3 அடி 6 அங்குலம், நடுவில் 3 அடி என்று வந்து நின்றது. அதன்பின் யாரும் தொடவில்லை.

பிக்கிள்பால் வலை பக்கக் கோட்டில் 36 அங்குலம், நடுவில் 34. டென்னிஸில் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 அங்குலம் தாழ்வு, இங்கே 2 அங்குலம்தான். அளக்கும் இடமும் வேறு. டென்னிஸில் 42 அங்குலத்தை அளப்பது கோட்டுக்கு 3 அடி வெளியே நிற்கும் கம்பத்தில். டபுள்ஸ் வலையில் சிங்கிள்ஸ் ஆடும்போது, சிங்கிள்ஸ் கோட்டுக்கு 3 அடி வெளியே இரண்டு குச்சிகளை முட்டுக்கொடுத்து வலையைத் தூக்குகிறார்கள். பிக்கிள்பாலில் ஒருவர் ஆடினாலும் இருவர் ஆடினாலும் ஒரே களம். குச்சிக்கு வேலையே இல்லை. டென்னிஸில் கம்பத்துக்குக் கம்பம் 42 அடி, பிக்கிள்பாலில் 22.

இன்றைய டென்னிஸ் வலையின் தொய்வு தானாக வந்ததல்ல. எஃகுக் கம்பிவடத்தைக் கைப்பிடி சுழற்றி விறைப்பாக இழுத்துவிட்டு, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டையால் கீழே இழுத்துக் கட்டுகிறார்கள். தூக்கிச் செல்லும் பிக்கிள்பால் வலையில் கதை தலைகீழ். குழாய்ச் சட்டத்தில் மாட்டிய லேசான வலை விட்டால் 34க்கும் கீழே போய்விடும், அதனால் நடுவில் ஒரு கால் நின்று அதைத் தாங்குகிறது. அந்தக் காலிலும் குறுக்குக் குழாயிலும் பந்து பட்டால் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. டென்னிஸ் ஆட்டக்காரர்கள் நடு உயரத்தைச் சரிபார்க்க ஒரு ராக்கெட்டை நிறுத்தி அதன்மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்காக வைப்பார்கள். 27 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் சேர்ந்தால் 36. பிக்கிள்பால் பேடிலை வைத்து இந்த வித்தை பலிக்காது, டேப்தான் வேண்டும்.

வலை தாழ்ந்தால் ஆபத்தும் வரும். டென்னிஸில் வலையருகே நிற்பவரின் முதுகுப்பக்கம் 39 அடி காலியாகக் கிடக்கிறது, அதனால் அங்கே நிற்க யாரும் தடை போடவில்லை. பிக்கிள்பாலில் பின்னால் இருப்பது 22 அடி. உயரமான ஒருவர் வலையை ஒட்டி நின்றால் எல்லாப் பந்தையும் கீழே அறைந்துவிடுவார். அதனால்தான் வலையிலிருந்து 7 அடிக்குள் நின்று வாலி அடிக்கக் கூடாது. அந்தப் பகுதியைக் கிச்சன் என்கிறார்கள். என் கணக்கில் பிக்கிள்பாலின் உண்மையான வலை இந்தக் கோடுதான். கிச்சன் கோட்டிலிருந்து எதிர்க் கிச்சன் கோட்டுக்கு நேராக 14 அடி. மூலைக்கு மூலை என்றால் 24 அடிக்கு மேல், அதுவும் நடுவிலுள்ள தாழ்ந்த பகுதியின் மேலாக. மெதுவாகத் தட்டிவிடும் பந்தைத் தேர்ந்தவர்கள் ஏன் குறுக்கே விடுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு டென்னிஸ் களம் ஓரவெளியோடு 60 அடிக்கு 120 அடி. பிக்கிள்பால் களத்துக்கு 30க்கு 60 போதும். ஒன்றில் நான்கு அடங்கும். அமெரிக்கப் பூங்காக்களில் இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் இடையே களத்துக்காக நடக்கும் சண்டைக்கு இந்தக் கணக்கே காரணம். சமாதானமாகப் போகிற இடங்களில் டென்னிஸ் வலையின் நடுப்பட்டையை இறுக்கி 34 அங்குலத்துக்கு இறக்கி ஆடுகிறார்கள். கம்பம் 42இலேயே நிற்பதால், பிக்கிள்பால் பக்கக் கோட்டில் வலை ஏறத்தாழ 38 அங்குலம் வரும். பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு அது போதும். பக்கக் கோட்டை ஒட்டி அடிப்பவர் மட்டும் அந்த 2 அங்குலத்தை உணர்வார்.

2022இல் வாஷிங்டன் ஆளுநர் ஜே இன்ஸ்லீ பெயின்பிரிட்ஜ் தீவின் அதே பழைய களத்துக்குப் போய், பிக்கிள்பாலை மாநில விளையாட்டாக அறிவிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். வலையைப் பொறுத்தவரை அதற்கு முந்தைய ஆண்டில் வந்த மாற்றம்தான் பெரிது. சர்வீஸ் வலையைத் தொட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் அதுவரை மறுபடி போடச் சொன்னார்கள். 2021 முதல் ஆட்டம் தொடர வேண்டும். டென்னிஸ் உலகத்தின் பெரிய போட்டிகளில் இன்னும் மறுபடிதான். பிக்கிள்பால்காரர்கள் செய்ததே சரி என்று எனக்குப் படுகிறது. ஆட்டத்தின் நடுவே வலையைத் தொட்டு அந்தப் பக்கம் உருண்டு விழும் பந்துக்கு இரண்டு ஆட்டத்திலும் புள்ளி உண்டு. சர்வீஸுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?