டெல்லி மந்திர் மார்க்கில் வாடகை வீடா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

டெல்லியில் புது வேலை கிடைத்து வீடு தேடுகிறீர்களா? டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருக்கும் மந்திர் மார்க் பலருக்கும் பிடித்துப்போகும். ஆனால், இந்தப் பகுதியில் அரசு ஊழியர் குடியிருப்புகள் அதிகம். சிக்கலே அங்கேதான்.

அரசு குடியிருப்பை வெளியாருக்கு உள்வாடகைக்கு விட விதிகளில் இடமில்லை. தெரியவந்தால் ஒதுக்கீடு ரத்தாகலாம். 1971-ம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளே குடியிருக்கும் உங்களையும் வெளியேற்றலாம். ஒப்பந்தம் கையில் இல்லாவிட்டால் அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அதனால், வாடகை குறைவு என்று அவசரப்படாதீங்க.

● வீடு யார் பெயரில் இருக்கிறது? சொத்து ஆவணத்தையும் மின் கட்டண ரசீதையும் கேளுங்கள். "அக்ரிமென்ட் எதுக்கு, கேஷா கொடுங்க" என்றால் உஷார்!

● 11 மாத ஒப்பந்தம் ஏன்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்யணும். அதைத் தவிர்க்கவே இந்த வழக்கம். எழுத்தில் வாங்காமல் விடாதீங்க.

● வாடகைதாரர் விவரத்தை உரிமையாளர் போலீஸில் பதிவு செய்யணும். அவர் தயங்கினால் காரணம் கேளுங்கள்.

● சாவி வாங்கும் அன்றே மின் மீட்டர், சுவர், குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிடுங்க.

இதெல்லாம் முடிந்த பிறகு சாமான்களை லாரியில் ஏற்றினால் போதும்.