ஆட்டுக்கல் போன பிறகு

சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிதாக ஒன்றும் விழவில்லை, கையை ஊன்றிக்கொண்டார். ஆனாலும் மணிக்கட்டு முறிந்துவிட்டது. வயது 66. "பத்து பேருக்கு மாவாட்டின கைடா இது" என்று மாவுக்கட்டைப் பார்த்துச் சொன்னார். அந்த வார்த்தைதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

2017-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அலிசன் மேக்கின்டாஷ் குழுவினர் ஒரு வேலை செய்தார்கள். ஐரோப்பாவின் நடுப்பகுதியில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் விவசாயம் செய்து வாழ்ந்த பெண்களின் எலும்புகளை ஸ்கேன் செய்து, தங்கள் பல்கலைக்கழகத்தின் படகோட்டும் வீராங்கனைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். அந்தக் காலப் பெண்களின் மேற்கை எலும்பு, வாரம் சுமார் 120 கிலோமீட்டர் துடுப்புப் போடும் வீராங்கனைகளுடையதைவிட 11 முதல் 16 சதவீதம் வலுவாக இருந்ததாம். நிலத்தில் பாடுபட்டதும், கல்லில் தினமும் மணிக்கணக்காகத் தானியம் அரைத்ததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நம் அம்மியின் ஒன்றுவிட்ட அக்கா என்று அந்தக் கல்லைச் சொல்லலாம்.

எலும்பு செத்த கட்டை அல்ல. சுமை விழும் இடத்தில் தன்னைக் கட்டிக்கொள்ளும், சுமை இல்லாவிட்டால் கரைந்துகொடுக்கும். ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு ஏன் வேகமாகத் தேய்கிறது என்பதை ஈஸ்ட்ரோஜன் குறைவோடு இணைத்துக் காட்டியவர் அமெரிக்காவின் ஃபுல்லர் ஆல்பிரைட், 1940-களின் தொடக்கத்தில்.

இங்கே 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சார கிரைண்டரைச் செய்தார். அவருக்குக் கோயில் கட்டினாலும் தகும். பிறகு மிக்ஸி, வாஷிங் மெஷின், குழாய்த் தண்ணீர், லிஃப்ட் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அம்மாவின் முதுகுவலியும் அந்தக் கல்லடியில் உட்கார்ந்து வந்ததுதான் என்று அவரே சொல்வார். ஆனால் கல் போன இடத்தில் வேறு எந்தச் சுமையும் வரவில்லை. அதுவும் எலும்பு தேயத் தொடங்கும் வயதில்.

"வெயிட் தூக்குவது ஆம்பளைங்க வேலை" என்பது நம் ஊரில் மட்டும் இருந்த எண்ணமில்லை. ஒலிம்பிக்ஸில் ஆண்கள் பளுதூக்கியது 1896-லிருந்து. பெண்களுக்கு இடம் கிடைத்ததோ 2000-இல், சிட்னியில். அந்த முதல் வாய்ப்பிலேயே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவர்தான்.

அதற்கு முன்பே, 1994-இல், அமெரிக்காவின் மிரியம் நெல்சன் 50 முதல் 70 வயதுவரையுள்ள பெண்களை வாரம் இரண்டு நாள் வெயிட் தூக்க வைத்து, ஓராண்டில் எலும்பு தேயாமல் காக்க முடியும் என்று காட்டியிருந்தார். பின்னர் ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லாரும் 58 வயதைத் தாண்டியவர்கள். ஒரு பிரிவினர் பயிற்சியாளர் கண்காணிப்பில் வாரம் இருமுறை, அரை மணி நேரம், கனமான பளுவையே தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது.

நாம் மாலையில் ஜெகந்நாதப் பெருமாள் கோயில் வரை நடந்து வருகிறோம். இதயத்துக்கு நல்லது. மணிக்கட்டுக்கும் முதுகெலும்புக்கும் அது போதாது. ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள், மூட்டு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு, டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆள் துணையோடு தொடங்குங்கள். யூடியூப் பார்த்து வேண்டாம்.

நம் கிளப் ஹவுஸ் ஜிம்மில் காலை ஆறிலிருந்து எட்டு வரை ஆண்கள் கூட்டம். பெண்களுக்கென்று செவ்வாய், வெள்ளி காலை பத்தரை மணியை ஒதுக்கவும், ஐந்து கிலோவுக்குக் குறைந்த டம்பெல் இரண்டு ஜோடி வாங்கவும் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மா இப்போதைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இருக்கிறார்.