பாஸ்போர்ட்டும் பாஸ்புக்கும்: ஊர்ப்புற அஞ்சலகத்தின் புதிய பணிகள்

இந்திய அஞ்சல் துறை, கடிதத்தோடு நேரடித் தொடர்பில்லாத இரண்டு வேலைகளை ஏறக்குறைய ஒரே காலத்தில் ஏற்றுக்கொண்டது. ஒன்று பாஸ்போர்ட் விண்ணப்பங்களைப் பெறுவது. வெளியுறவு அமைச்சகமும் அஞ்சல் துறையும் சேர்ந்து 2017 ஜனவரி 25 அன்று மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையங்களைத் தொடங்கின. இப்போது நாடெங்கும் 400-க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. மற்றது வங்கி. முழுக்க மத்திய அரசுக்குச் சொந்தமான இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி, 2018 செப்டம்பர் 1 அன்று நாடு தழுவிய சேவையைத் தொடங்கியது. இரண்டும் ஒரே துறையின் கட்டடங்களையும் ஊழியர்களையும் நம்பி நடப்பவை. ஆனாலும் ஊர்ப்புறத்தில் இரண்டின் பலனும் ஒன்றாக இல்லை. வங்கி தபால்காரரோடு தெருவுக்குள் வந்துவிட்டது. பாஸ்போர்ட் பெரிய ஊர் அஞ்சலகத்துக் கவுண்டரோடு நின்றுவிட்டது. அரசுச் சேவை ஒரு கிராமத்தை எட்டுகிறதா என்பதைக் கவுண்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து முடிவுசெய்ய இயலாது என்பதற்கு இந்த வேறுபாடே சான்று. படிவத்தை நிரப்பி, தாள்களை ஒப்பிட்டு, பிழையைத் திருத்தித் தரும் ஓர் ஆள் எப்போதும் நடுவில் தேவைப்படுகிறார். அவருக்குக் கூலி தருவது யார், தவறு நேர்ந்தால் அவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதில்தான் சேவையின் தரம் இருக்கிறது.

வங்கியின் வரலாற்றில் இது தெளிவாகத் தெரிகிறது. மணியார்டரை அஞ்சல் துறை ஏற்றது 1880-இல். அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-இல் வந்தது. எழுதத் தெரியாதவருக்கும் பணம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், படிவத்தை யாரோ எழுதிக் கொடுத்ததும், பணத்தைத் தபால்காரர் வீட்டு வாசலில் எண்ணிக் கொடுத்ததும்தான். வணிக வங்கிகள் இந்தப் பக்கம் திரும்ப நெடுங்காலம் ஆயிற்று. 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1975-இல் வட்டார ஊரக வங்கிகள் பிறந்தன. 1977 முதல் 1990 வரை ரிசர்வ் வங்கி ஒரு கறாரான விதியை வைத்திருந்தது: ஏற்கெனவே வங்கியுள்ள ஊரில் ஒரு புதிய கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறக்க வேண்டும். ராபின் பர்கஸ், ரோகிணி பாண்டே ஆகிய பொருளியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கிளை விரிவாக்கம் ஊரக வறுமையைக் குறைத்தது என்று காட்டியது. வாராக்கடன் மிகுதியாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு மறைக்கவில்லை. அருகாமைக்குப் பலன் உண்டு என்பதில் அப்போதே ஐயமில்லை. அருகாமை மட்டும் போதுமா என்ற கேள்வி பின்னால் வந்தது.

2005-இல் ரிசர்வ் வங்கி, குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத எளிய கணக்குகளைத் தொடங்கச் சொன்னது. புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கி வசதி தரப்பட்டது அப்போது நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்டது. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன் தன் திட்டம் அதைப் பேரளவில் செய்தது. 2023-இல் கணக்குகள் 50 கோடியைத் தாண்டின, அவற்றில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. கணக்கு இருப்பது வேறு, கணக்கு புழங்குவது வேறு. பணம் எடுக்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறிப் போய் வரிசையில் நிற்க வேண்டுமானால், சிறுதொகை வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கால் இலாபமில்லை. கணக்கே பணத்தை விழுங்குவதும் உண்டு: 2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையாக ரூ.1,000 வரவு வைத்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகள் அதிலேயே பிடித்தம் செய்ததாகப் புகார் எழுந்து, மாநில நிதியமைச்சர் தலையிட வேண்டியிருந்தது.

கணக்கு இருப்பதற்கும் புழங்குவதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ஆட்கள். வங்கியின் சார்பில் ஊருக்குள் பணம் வாங்கவும் கொடுக்கவும் முகவர்களை அமர்த்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2006 ஜனவரியில் அனுமதித்தது; கூட்டுறவுச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றோடு அஞ்சலகங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. நச்சிகேத் மோர் குழுவின் 2014 அறிக்கை பேமெண்ட்ஸ் வங்கி என்ற வகையை முன்வைத்தது. இவ்வகை வங்கி கடன் தர முடியாது. ஒருவரிடமிருந்து பெறும் வைப்புக்கும் உச்சவரம்பு உண்டு, அது முதலில் ரூ.1 லட்சமாக இருந்து 2021-இல் ரூ.2 லட்சமாக உயர்ந்தது. கடன் வேண்டுவோர் இன்றும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தையோ மகளிர் குழுவையோ நகைக்கடனையோதான் நாடவேண்டும், அது பெருங்குறை. ஆனால் பணத்தைப் போடவும் எடுக்கவும் அனுப்பவும் அஞ்சல் வங்கிக்கு அமைந்த வசதி மற்ற வங்கிகளுக்கு இல்லை. நாட்டின் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது ஊரகத்தில் உள்ளவை. பெரும்பாலானவை கிராம அஞ்சல் ஊழியர்கள் நடத்தும் கிளை அஞ்சலகங்கள். கிளை போஸ்ட்மாஸ்டர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், அஞ்சலகத்துக்கு இடமும் அவரே தர வேண்டும் என்பது பணி நிபந்தனை. கையடக்கக் கருவியில் ரேகை வைத்தால் ஆதார் இணைந்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் அவரிடம் பணம் பெறலாம். 2020-இல் பொதுமுடக்கத்தின்போது பேருந்துகள் நின்றுவிட்ட வாரங்களில், முதியோர் உதவித்தொகையையும் ஓய்வூதியத்தையும் தபால்காரர்கள் வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இதே ஊழியரை அரசு நிரந்தர ஊழியராக ஏற்கவில்லை. நாளுக்கு நான்கைந்து மணி நேர வேலை என்று கணக்கிட்டு, 2018-இல் திருத்திய விகிதப்படி கிளை போஸ்ட்மாஸ்டருக்குத் தொடக்க ஊதியமாக ரூ.12,000 அல்லது ரூ.14,500 வைத்தது. அவர் தோளில் ஏற்றியிருக்கும் வேலைக்கு இது குறைவு.

பாஸ்போர்ட்டின் கதை வேறு தடத்தில் போகிறது. வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் வழக்கில் 1967-இல் தீர்ப்பளித்தது. அதுவரை பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பம். தீர்ப்பையொட்டித்தான் அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. மேனகா காந்தி வழக்கின் 1978 தீர்ப்பு, பாஸ்போர்ட்டைப் பறிப்பதற்கும் நியாயமான நடைமுறை வேண்டும் என்றது. சட்டத்தில் உரிமையானாலும், தமிழகத்தில் அதை வழங்கும் மண்டல அலுவலகங்கள் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்ற நான்கு நகரங்களில்தான் இருக்கின்றன. 2010-க்குப் பின் வந்த பாஸ்போர்ட் சேவைத் திட்டம் விண்ணப்பத்தை இணையத்துக்கு மாற்றி, நேரம் குறித்து வரச்சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. முன்பிருந்த குழப்பமும் காத்திருப்பும் பெருமளவு குறைந்தன, அதை மறுப்பதற்கில்லை. அஞ்சலக மையங்கள் பயணத்தையும் சுருக்கின. ஆனால் அங்கே நடப்பது புகைப்படம், ரேகை, ஆவணச் சரிபார்ப்பு ஆகியவைதான். வழங்கும் முடிவு மண்டல அலுவலகத்தினுடையது. படிவத்தை நிரப்புவதோ அதற்கும் முன்னால், இணையத்தில், விண்ணப்பதாரரின் பொறுப்பில் நடந்து முடிந்திருக்கும்.

சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. தமிழர் பெயர்முறை இந்தப் படிவத்துக்குப் பொருந்துவதில்லை. தலைப்பெழுத்தைப் பாஸ்போர்ட் ஏற்காது. விரித்தெழுத வேண்டும். படிவத்தில் பெயருக்குக் குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. ஒரு பெண் பள்ளிச் சான்றிதழில் மு. தமிழ்ச்செல்வி, வாக்காளர் அட்டையில் செல்வி, திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்தோடு செல்வி என்று இருப்பது ஊர்ப்புறத்தில் வியப்பே இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு அலுவலக எழுத்தரின் காதுக்கு ஏற்ப மாறியிருக்கும். வங்கியிலும் இதே தொல்லைதான்: ஆதாரிலும் கணக்கிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு தடைபடும், உதவித்தொகை வந்து சேராது. முகவரிச் சான்றுகளில் ஒன்றாகப் புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக்கைப் பாஸ்போர்ட் விதிகள் ஏற்பதால், வங்கிக் கவுண்டரில் நேர்ந்த பிழை அப்படியே பாஸ்போர்ட் கவுண்டருக்கு வந்துசேர்கிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இரண்டும் ஒரே காரியத்தின் இரு முனைகள்: ஒன்று ஆளை அனுப்ப, மற்றது அவர் சம்பாத்தியத்தைப் பெற. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில், குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு ஏறும். வருமான வரி செலுத்துபவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே காகிதம் குறைவாக உள்ளவருக்கே கூடுதல் காகிதம் கேட்கப்படுகிறது.

தாள்களைக் குறைத்தால் எவ்வளவு எளிதாகும் என்பதற்கு 2016 டிசம்பர் சீர்திருத்தம் சான்று. 1989 ஜனவரி 26 முதல் பிறந்தவர் பிறப்புச் சான்றிதழ் தந்தே ஆகவேண்டும் என்ற விதி அன்று தளர்ந்தது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் அட்டை, ஆதார் போன்றவையும் ஏற்கப்பட்டன. திருமணச் சான்றிதழ் தேவையில்லை என்றானது. நோட்டரி முத்திரை கேட்ட உறுதிமொழிகளை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றானது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மையம் திறப்பதைவிட இந்த ஒரு சுற்றறிக்கை ஏழை விண்ணப்பதாரருக்கு அதிகம் செய்தது என்பது என் கணிப்பு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும் என்று 2025-இல் விதி மீண்டும் இறுகியிருக்கிறது. பிறப்புப் பதிவு பரவலாகிவிட்ட மாநிலங்களில் அது பெரிய இடர் தராது. மற்ற மாநிலங்களில் தரும்.

நடுவில் ஆள் வேண்டும் என்ற வாதத்துக்கு எதிராக உடனே எழும் மறுப்பு, அவர் பெயர்தானே புரோக்கர் என்பது. பாஸ்போர்ட் அலுவலக வாசல்களில் ஒரு காலத்தில் தரகர்கள் செய்த அட்டகாசம் கற்பனையல்ல; இணைய விண்ணப்பத்தின் நோக்கங்களில் ஒன்றே அவர்களை ஒழிப்பதுதான். அலுவலக வாசலிலிருந்து அவர்கள் குறைந்தார்கள். வேலை மட்டும் எங்கும் போகவில்லை. அது பிரவுசிங் சென்டருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடம் மாறியது. பொதுச் சேவை மையங்கள் வழியாக விண்ணப்பிக்கும் வசதி இருந்தாலும், பெரும்பாலோர் பக்கத்துக் கடைக்கே போகிறார்கள். கடைக்காரர் தட்டச்சுக்கும் பிரதிக்கும் பணம் பெறுகிறார், பிழைக்குப் பொறுப்பேற்பதில்லை. பெயரை எந்தக் கட்டத்தில் எப்படிப் பிரித்தார் என்பது விண்ணப்பதாரருக்குக் கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரியவரும். இடைத்தரகை ஒழிப்பதாக அறிவித்த முறை, பொறுப்பற்ற இடைத்தரகை மலியச் செய்திருக்கிறது.

இன்னொரு மறுப்பு கைப்பேசியைச் சார்ந்தது. 2016-இல் வந்த யுபிஐ டீக்கடை வரை போய்விட்ட பின், ரேகைக் கருவியோடு தபால்காரர் எதற்கு என்று கேட்கலாம். யுபிஐ தொடங்க வங்கிக் கணக்கோடு பதிந்த கைப்பேசி எண் வேண்டும், அது தன் கையில் இருக்க வேண்டும், ரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லாமல் தானே தட்டத் தெரிய வேண்டும். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் மகனிடம் என்றால் மூதாட்டியின் பணத்துக்கு மகனே வாசல் காப்பான். இளைய தலைமுறைக்கு இந்தத் தடை தேய்ந்துவரும் என்பது உண்மை. உதவித்தொகையை நம்பி வாழும் தலைமுறைக்கு அது காலத்தில் வந்து உதவாது.

கனமான மறுப்பு மோசடி பற்றியது. ஒருமுறை பணம் எடுக்க இருமுறை ரேகை வாங்குவது, ரசீது தராமல் விடுவது, ரேகையை நகலெடுத்துக் கணக்கைத் துடைப்பது எல்லாம் முகவர் முறையில் நடந்திருக்கின்றன. சுண்ணாம்பிலும் மண்ணிலும் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காமல் பலமுறை வைக்கச் சொல்லும்போது, எந்த முறை பணம் கழிந்தது என்று கணக்குக்காரரால் சொல்லவும் முடியாது. ஆனால் இது எந்த ஆளை வைப்பது என்ற கேள்வி, ஆள் வேண்டாம் என்பதற்கான காரணம் ஆகாது. தரகுக்கு மட்டும் வேலை பார்த்து, பலன் குறைந்தால் கடையை மூடிவிட்டுப் போகும் முகவரைக் காட்டிலும், ஊரிலேயே குடியிருந்து, துறை ஆய்வுக்கு உட்பட்டு, தவறு கண்டால் வேலையை இழக்கும் கிளை போஸ்ட்மாஸ்டருக்குத் தடுப்பு அதிகம். வீட்டுக்கு வந்து செய்யும் வங்கிச் சேவைக்கு 2021 ஆகஸ்டிலிருந்து ரூ.20-உம் வரியும் கட்டணம் வைத்தது சரியா என்பதில் கருத்து வேறுபடலாம். அறிவித்த கட்டணம், பெயர் சொல்லாமல் பிடுங்கும் தொகையைவிட மேல். அஞ்சல் துறை ஏற்கெனவே நட்டத்தில் இருக்கும்போது கூடுதல் வேலை எதற்கு என்பவர்கள், விண்ணப்பதாரர் இழக்கும் நாட்கூலியையும் பேருந்துக் காசையும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

வங்கியில் செய்ததைப் பாஸ்போர்ட்டில் செய்ய புதிய சட்டம் வேண்டாம். முடிவெடுக்கும் அதிகாரம் மண்டல அலுவலகத்திலும், ரேகையும் படமும் தலைமை அஞ்சலகத்திலும் இருந்தபடியே இருக்கட்டும். படிவம் நிரப்புவதையும் தாள்களை முன்கூட்டி ஒப்பிடுவதையும், அறிவித்த கட்டணத்துக்கு, கிளை அஞ்சலகத்தின் பணியாக்கலாம். நிரப்பியவரின் அடையாள எண் விண்ணப்பத்தில் பதிவாக வேண்டும்; அவர் பிழையால் விண்ணப்பம் திரும்பினால் மறுமுறை இலவசமாகச் செய்ய வேண்டும். சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கான ரூ.1,500 கட்டணம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால், திருப்பியனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அந்தக் கெடுவில் நாட்கள் கழிகின்றன. பெயர் மாறுபாட்டை ஒருமுறை விசாரித்துச் சான்றளித்தால், அதே சான்று வங்கிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஆதாருக்கும் செல்ல வேண்டும். விண்ணப்பதாரர் வேலைக்காக வெளியூரில் இருக்கும் நாளில் பாஸ்போர்ட் விசாரணைக்குக் காவலர் வந்து, ஆள் இல்லை என்று எழுதிப் போவதும் குறையலாம். யார் எப்போது ஊரில் இருப்பார் என்பது கிளை போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியும், விரைவு அஞ்சலில் வரும் பாஸ்போர்ட்டை உரியவர் கையில் சேர்க்கும் வேலை ஏற்கெனவே அவர் பொறுப்புதான்.